வலது கால் மட்டும்

எங்கள் சபையில் கால் கழுவ ஆள் இருந்தது. கழுவுவதற்குக் கால்தான் கிடைக்கவில்லை. சிரிக்காதீர்கள். இதற்காகக் கமிட்டி கூடி, விவாதித்து, கடைசியில் ஒரு நாற்காலியையும் உடைத்தார்கள்.

எல்லாம் எங்கள் போதகர் ஆரம்பித்து வைத்தது. நல்ல பிள்ளை. படிப்பை முடித்த கையோடு நேராக எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டவர். மனிதர்களை நம்புவது ஒன்றுதான் அவரிடம் உள்ள குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவியதைப் பற்றிப் பேசினார். யார் கண்ணிலும் படாமல் குனிந்து வேலை செய்கிறவர்தான் ஆண்டவருக்கு முன்னால் முதல் ஆள் என்றார். அழகாகத்தான் பேசினார், எனக்கே கண் கலங்கியது. ஆனால் 'முதல் ஆள்' என்பது காதில் விழுந்ததும் முன்வரிசை மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை பாதம் கழுவும் ஆராதனை என்று அறிவித்தார். கழுவ விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். கழுவிக்கொள்ள விரும்புகிறவர்களும் கொடுக்கலாம்.

கழுவுவதற்குச் சபையே பெயர் கொடுத்தது. எழுந்து நடக்க முடியாதவர்கள்கூட, "என்னைத் தூக்கிட்டுப் போய் விட்டுடுங்க, நான் எப்படியாவது குனிஞ்சிடுறேன்" என்றார்கள். கழுவிக்கொள்ள மட்டும் ஒரு ஈ காக்கா வரவில்லை.

"நான் நாற்காலியில உக்காரணும், இன்னொருத்தர் என் காலடியில குனியணுமா? ஐயோ ஆண்டவரே, அந்தப் பெருமை எனக்கு வேணவே வேணாம்" என்று பொருளாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

"மாத்தி மாத்திக் கழுவிக்கலாமே" என்றார் போதகர் பாவமாக.

சரி, முதலில் யார் உட்காருவது? செயலாளர் பொருளாளரின் தோளைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். "உக்காருங்கண்ணே. நான் உங்களுக்குக் கீழதான்."

"நீங்க உக்காருங்க. நான் உங்களுக்கும் கீழ."

இரண்டு பேருமே சாப்பாட்டில் குறை வைக்காத உடம்பு. அழுத்திய அழுத்தில் நாற்காலியின் கால் முறிந்து இருவரும் தரையில் விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழுந்திருக்க வேண்டுமா இல்லையா? கிடந்த இடத்திலேயே, இப்போது யார் அதிகம் கீழே கிடக்கிறார் என்று தகராறு செய்தார்கள்.

நான் எப்படி அங்கே இருந்தேன் என்றால், டீ கொண்டுபோனேன். கமிட்டிக்கு டீ போடுவது, ஆலயத்தைப் பெருக்குவது, திருவிருந்துக் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் நான்தான். யாரும் கொடுத்த வேலை இல்லை. ஒருநாள் செய்தேன், அதோடு அது என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிழைப்புக்குத் தையல். அதனால் எல்லோருக்கும் நான் தையலக்கா.

பாடகர் குழுத் தலைவர் டீயை எடுக்கும்போது என்னை யோசனையாகப் பார்த்தார். அந்த மனிதருக்குப் பாட்டு வருகிறதோ இல்லையோ, யோசனை மட்டும் வந்துகொண்டே இருக்கும். "தையலக்கா, உங்க கடையில துணி மாட்டுற பொம்மை ஒண்ணு நிக்குதே, அதுக்குக் கால் இருக்கா?"

"இடுப்புக்குக் கீழ வெறும் கம்பிதாங்க."

அவர் போதகர் பக்கம் திரும்பினார். "கம்பியக் கழுவினா கணக்குல வருமா பாஸ்டர்?"

போதகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

என் காலைக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் வெந்நீர் யார் தூக்குவது?

இதற்கிடையில் என் கடைக்கு ஆர்டர் குவிந்தது. ஆண்டவர் துண்டு கட்டினார் என்று போதகர் சொன்னாரா, எல்லோருக்கும் துண்டு தைக்க வேண்டுமாம். ஒருவருக்கு எலாஸ்டிக் வைத்து, ஒருவருக்குக் கொக்கி வைத்து. பொருளாளரின் மனைவி வந்து, "ரொம்ப எளிமையா இருக்கணும்க்கா. ஓரத்துல மட்டும் சரிகை ஓடட்டும்" என்றார். செயலாளர் தன் துண்டின் நடுவில் 'தாழ்மை' என்று எம்பிராய்டரி போடச் சொன்னார். எழுத்து பின்வரிசைக்குத் தெரிகிற அளவில் இருக்க வேண்டுமாம்.

எனக்கு இருந்த கவலையில் ஊசியை எடுத்து அவரையே குத்தியிருப்பேன். கவலை என் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது, காலில் ஷூவோடு.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சர்க்கரை உடம்பு. இடது காலில் என்றைக்கோ செருப்பு கடித்திருக்கிறது, அது ஆறவில்லை. ஆறவில்லை என்பதை நான் கண்டுபிடித்ததே வாடையால்தான். கண்ணால் பார்க்க விடவில்லை. சாக்ஸ் போட்டு, அதற்கு மேல் ஷூ போட்டு, அதோடே சாப்பிட்டு அதோடே தூங்கினார். காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்திருந்தார். இடது கால்தான் கிளட்சு மிதிக்கிற கால். புண் விஷயம் டிப்போவுக்குத் தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயம். எங்கள் சபைச் செயலாளர் யார் தெரியுமா? அதே டிப்போவில் டைம் கீப்பர்.

"காமிங்க. நான் கழுவி விடுறேன்" என்று நான் கெஞ்சாத நாள் இல்லை.

"பாத்தா நீ அழுவ. நீ அழுதா தெரு முழுக்கத் தெரிஞ்சிடும். உன் தொண்டை எனக்குத் தெரியாதா?"

அவர் வராததால் நான் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸிடம் சொன்னேன். அந்தப் பெண் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள். "தினமும் கழுவி மருந்து கட்டினா கால் பொழைக்கும்மா. இப்படியே மூடி வச்சிருந்தா காலையே எடுக்க வேண்டிவரும். இந்த வாரமே கூட்டிட்டு வாங்க." அன்றிலிருந்து எனக்குப் பயம். தைக்கும்போது பயம், சமைக்கும்போது பயம். அந்த மனிதர் ஒற்றைக் காலோடு கட்டிலில் கிடப்பதாக நினைத்துப் பார்த்து, மிஷினில் தலை சாய்த்து அழுதிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துக் கமிட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. போதகர், செயலாளர், பாடகர் குழுத் தலைவர். முன்னறைதான் என் கடையும். துணிகளை ஒதுக்கி உட்கார வைத்தேன்.

"அண்ணே, நீங்கதான் கால் குடுக்கணும். சபையில கேக்காத ஆள் இல்ல" என்றார் போதகர்.

"முடியாது" என்றார் என் வீட்டுக்காரர்.

செயலாளர் ஷூவைப் பார்த்தார். டைம் கீப்பர் கண் அது, சும்மா பார்க்காது. "வீட்டுக்குள்ள எதுக்கு ஷூ?"

"காய்ச்சல்ல குளிருது."

"கால்ல ஏதாவது பிரச்சினையா? டிப்போல கேட்டுட்டிருக்காங்க, அதான்."

"பிரச்சினையா? எனக்கா?" அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வர்றேன். வந்து கழுவுங்க என் கால!"

என் கையில் ஊசி ஏறியது. அவரும் சொன்ன பிறகுதான் யோசித்தார் போல, முகம் வெளுத்தது. "ஆனா வலது கால் மட்டும்தான்" என்றார்.

"ஏன்?" என்றார் செயலாளர்.

அவர் விழித்தார். கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எங்கிருந்து வந்ததோ, "ரெண்டு காலும் குடுத்தா எனக்குப் பெருமை வந்துடும்" என்றார்.

போதகரின் கண் நிறைந்துவிட்டது. "பாத்தீங்களா? தாழ்மைன்னா இதுதான்!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. துண்டெல்லாம் தைத்து வைத்துக் காத்திருந்தவரை ஒரு டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே முந்திவிட்டாரே.

அவர்கள் போனதும் நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். "புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"உன் வேலையப் பாரு" என்றார்.

என் வேலையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மாலை ஆலயத்துக்குப் பின்னால் உள்ள சமையலறையில் அண்டா நிறைய வெந்நீர் வைத்தேன். மேடையில் ஒரு நாற்காலி, அதில் என் வீட்டுக்காரர். வலது காலில் ஒன்றுமில்லை, இடது காலில் ஷூ. எதிரே மைக். மேடையிலிருந்து வாசல்வரை துண்டு கட்டிய மனிதர்கள் வரிசை. கல்யாணச் சாப்பாட்டுப் பந்திக்குக்கூட எங்கள் ஜனம் அப்படித் தள்ளிக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை.

முதலில் செயலாளர் கழுவினார். 'தாழ்மை' சபையைப் பார்த்து இருக்குமாறு பக்கவாட்டில் திரும்பி மண்டிபோட்டார். அழுதார். துடைத்தார். எழுந்தார். அடுத்தது பொருளாளர். அவர் அந்தக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அழுக்கே இல்லையே" என்றார்.

"நான்தான் கழுவிட்டேனே" என்றார் செயலாளர்.

"அப்ப நான் எதக் கழுவுறது?"

நியாயமான கேள்வி. ஞாயிறு பள்ளி டீச்சர்தான் வெளியே ஓடிப்போய்ப் பூந்தொட்டியிலிருந்து ஒரு கை மண் அள்ளிவந்து அந்தக் காலில் அப்பினார். சபைக்கு மூச்சு வந்தது. அதன்பிறகு அதுவே முறையாகிவிட்டது: ஒருவர் மண் பூசுவது, ஒருவர் கழுவுவது. தன் முறை வரும்போது மண் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று சிலர் டீச்சரிடம் தனியாகச் சொல்லி வைத்தார்கள்.

அடுத்தவர் கழுவிய தண்ணீரில் தாழ்மையாக இருக்க யாராலும் முடியவில்லை. ஆளுக்கு ஆள் புதுத் தண்ணீர். சமையலறைக்கும் மேடைக்கும் நான் வாளியோடு நடந்தேன். வெந்நீர் கொண்டுபோவது, மண்தண்ணீரைத் தூக்கி வருவது, மறுபடி வெந்நீர். என் தோள்பட்டை கழன்று வந்துவிடும் போலிருந்தது. போதகர் மட்டும் இரண்டொரு முறை வாளியை வாங்கப் பார்த்தார். அவரை யாராவது இழுத்துப் போய் ஜெபம் செய்யச் சொல்லிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு வேறு வேலை இல்லை. குனிந்திருக்கிற உச்சந்தலைகளைப் பார்த்துச் சலித்துப்போய், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகும்போது பார்த்தார், வரும்போது பார்த்தார். 'என்ன?' என்று முறைத்தேன். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். அவர் வலது கால் ஊறி வெளுத்து ஊறப்போட்ட துணி மாதிரி ஆகியிருந்தது.

கடைசியாகப் பாடகர் குழுத் தலைவர் வந்தார். தானே கொண்டுவந்த வெள்ளிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "எல்லாரும் ஒரே காலத்தான் கழுவினாங்க. இதுவரைக்கும் யாருமே தொடாத கால நான் கழுவப்போறேன்" என்றார். சொல்லிவிட்டு இடது ஷூவின் லேஸைப் பிடித்து இழுத்தார்.

என் வீட்டுக்காரர் காலை உள்ளே இழுத்தார். பாடகர் குழுத் தலைவர் விடவில்லை. முடிச்சு அவிழ்ந்தது. செயலாளர் எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். என் வீட்டுக்காரர் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாத ஆள். அந்த ஆள் அப்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குத் தாங்கவில்லை.

வாளியை அப்படியே கவிழ்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீர்தான், பயப்படாதீர்கள். பாடகர் குழுத் தலைவர் தலையிலிருந்து நனைந்தார். வெள்ளிக் கிண்ணம் உருண்டு போய் முன்வரிசையில் நின்றது. வரிசையில் நின்றவர்கள் சரிகைத் துண்டுகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிதறினார்கள்.

"கண்ண எங்க வச்சிருக்க?" என்று கத்தினார் செயலாளர்.

"ஒரு வாளி தூக்கத் துப்பில்ல. ஆராதனையையே கெடுத்துட்டா" என்றார் பொருளாளரின் மனைவி.

"பரிசுத்தமான நேரத்துல! என் கைக்கு வந்ததத் தட்டிவிட்டுட்டாளே!" என்று பாடகர் குழுத் தலைவர் மூக்கைச் சிந்தினார்.

என் வாயைப் பற்றி ஊரில் விசாரித்துப் பாருங்கள். ஒன்று வாங்கினால் ஒன்பது கொடுப்பேன். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிடுங்க, கால் தடுக்கிடுச்சு" என்றேன். அவர்கள் விடாமல் ஒவ்வொருவராக வந்து திட்டினார்கள்; நான் எல்லோருக்கும் அதையே சொன்னேன். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார்.

"பரவால்லக்கா. உங்களுக்கு அடி படலையே?" என்றார் போதகர். அவர் ஒருவர்தான் கேட்டார். பிறகு துடைக்கிற துணியைத் தேடி எடுத்துவந்து, அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு மேடையைத் துடைக்க ஆரம்பித்தார். அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சாட்சி சொல்ல மைக்குக்கு முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

நான் சமையலறைக்கு வந்து வாளியைக் கீழே போட்டேன். பின்னாலேயே சளக் சளக் என்று சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் நனைந்த ஷூவோடு நொண்டி நொண்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏன் சும்மா நின்ன?" என்றார். "அவ்வளவு பேர் திட்டினாங்க. என்னத் திட்டுறதுல பாதி திட்டியிருந்தாலே ஓடியிருப்பாங்களே."

"நான் வாயத் தொறந்தா சண்டை நடக்கும். சண்டை நடந்தா எல்லாரும் அங்கேயே நிப்பாங்க. உங்க ஷூ பாதி அவுந்து கெடந்துச்சு."

அவர் குனிந்து ஷூவின் லேஸைப் பார்த்தார்.

"சபை மொத்தமும் வந்து கழுவிட்டுப் போச்சு. ஒருத்தராவது அந்தக் கால் ஏன் ஷூவுக்குள்ள இருக்குன்னு கேக்கல."

"நீங்கதான பெருமை வந்துடும்னு சொன்னீங்க!"

சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து தோள் குலுங்க அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு தானாகக் குனிந்து ஷூவைக் கழற்றினார்.

"பாத்துட்டு ஓடிடாத."

"ஓடி எங்க போறது? வெளிய வழுக்குது."

சாக்ஸ் புண்ணோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். விரல்களுக்குக் கீழே பள்ளம். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. எனக்குக் குமட்டியது, மறைக்கவில்லை. "நாறுது" என்றேன். "தெரியும்" என்றார். முழங்கையை விட்டுப் பதம் பார்த்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல ஊற்றினேன்.

"சுடுதா?"

"தெரியல. ஒண்ணுமே தெரியல."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. வாய்விட்டே அழுதேன். காலை எடுத்துவிடுவார்களோ என்று அழுதேன். இத்தனை நாள் காட்டாமல் வைத்திருந்ததற்கு அவரைத் திட்டியபடியே அழுதேன். கை மட்டும் நிற்கவில்லை. அந்தப் பள்ளத்தையும் விரல் இடுக்குகளையும் கழுவி, ஒற்றி எடுத்து, துவைத்து வைத்திருந்த துணி ஒன்றைச் சுற்றிக் கட்டினேன்.

"எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"சரி" என்றார். ஒரே வார்த்தை. அதை வாங்க நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும்.

பின்வாசலுக்குப் பூட்டு, சாவி செயலாளரிடம். ஆலயத்துக்குள் நுழைந்து நடுவில்தான் போயாக வேண்டும். அவர் கை என் தோளில், துணி சுற்றிய கால் தரையில் பட்டும் படாமலும். உள்ளே செயலாளர் மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். கழுவியவர்களுக்கு நன்றி, மண் பூசிய டீச்சருக்கு நன்றி, வெள்ளிக் கிண்ணத்துக்கு நன்றி, மைக் செட்டுக்கு நன்றி. தங்கள் பெயர் வருகிறதா என்று எல்லோரும் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாதி வழியில் என் வீட்டுக்காரர் நின்றார். "உன்னச் சொல்லவே இல்லையே. இரு, நான் கேக்குறேன்."

"ஐயோ, வாய மூடிட்டு நடங்க. என் பேரச் சொன்னா நான் நிக்கணும், கைதட்டுவாங்க, ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுவாங்க. அதுக்குள்ள டாக்டர் கெளம்பிடுவாரு."

"செயலாளர் பாத்துட்டா?"

"பாக்கட்டும்னு நெனச்சுத்தான கெளம்பினீங்க?"

"ஆமா. பாக்கட்டும்" என்றார்.

நன்றிப் பட்டியலில் மூழ்கியிருந்த செயலாளர் பார்க்கவில்லை. பார்த்தது போதகர் மட்டும். எங்கள் வாளி சிந்திய தண்ணீர் வாசல்வரை ஓடியிருந்தது. அவர் அதைத் துடைத்தபடி மண்டியிட்டிருந்தார். கட்டுப் போட்ட கால் தன் முகத்துக்கு நேராக வந்ததும் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். துணி பிழிகிற வாளியை ஒதுக்கிவிட்டு, அந்தக் கால் படப்போகிற இடத்தை மட்டும் இன்னொரு முறை நன்றாக, ஈரமில்லாமல் துடைத்துவிட்டார்.

வெளியே ஆட்டோ நின்றது. அவரை ஏற்றி நானும் ஏறினேன். ஆட்டோக்காரர், "எங்க போகணும்?" என்று கேட்டார். நான் என்ன பொய் சொல்லலாம் என்று பழக்கதோஷத்தில் யோசிப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு. கால்ல புண்ணு, ரொம்ப மோசமா இருக்கு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"அப்ப காலத் தொங்கப் போடாதீங்க, ரோடு குலுக்கும்" என்றார் ஆட்டோக்காரர்.

நான் அந்தக் காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.